இரண்டாம் பெரும்போரை எங்கள் கண்முன் நடத்துங்கள்

எல்டர் ஸ்க்ரோல்ஸ் விளையாட்டுத் தொடரின் கதையை எழுதுவோருக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் ஸ்கைரிம் விளையாட்டின் உள்நாட்டுப் போரை மறுபடியும் முடித்தேன். இம்முறை பேரரசின் பக்கம். விண்ட்ஹெல்ம் அரண்மனையில் கிளர்ச்சித் தலைவன் உல்ஃப்ரிக் வீழ்ந்தான். பேரரசின் தளபதி டல்லியஸ் வெளியே வந்து வீரர்களிடம் பேசினார். நகர வாயிலைத் தாண்டித் தெற்கே நடந்தேன். நெடுந்தூரம் போகவில்லை, எதிரே ஒரு கூட்டம் வந்தது. கறுப்பு அங்கியில் தால்மோர் அதிகாரி (எல்ஃப்களின் ஆல்ட்மேரி டொமினியனை ஆளும் கூட்டம்தான் தால்மோர்), பொன்னிறக் கவசத்தில் இரண்டு வீரர்கள், அவர்களோடு கந்தல் உடையில், கைகள் கட்டப்பட்ட ஒரு கைதி. மூவரையும் வெட்டிச் சாய்த்துவிட்டுக் கட்டை அவிழ்த்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனான். சில நாட்கள் கழித்து வேறொரு சாலையில் அதே அங்கி, அதே கவசம், இன்னொரு கைதி.

போரில் வென்றவன் நான். நான் வென்ற மண்ணிலேயே அவர்கள் ஆளைக் கட்டி இழுத்துப்போகிறார்கள். இந்தக் காட்சியை 2011 நவம்பரிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அதுதான்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆல்ட்மேரி டொமினியனுக்கும் மனிதர்களுக்கும் வரப்போகும் இரண்டாம் போரை, இரண்டு விளையாட்டுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் நடத்தி முடித்து, ஒரு புத்தகமாக அலமாரியில் வைத்துவிடாதீர்கள். நாங்கள் அதில் நிற்க வேண்டும்.

முதல் பெரும்போருக்கு நீங்கள் செய்தது அதுதானே? உங்கள் கதைக் காலக்கணக்கில் நான்காம் யுகம் 171. டொமினியனின் தூதர் மூடிய வண்டி ஒன்றைப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுவருகிறார். கப்பம் கட்டு, பேரரசரின் உளவும் காவலுமான பிளேட்ஸ் அமைப்பைக் கலை, மனிதனாகப் பிறந்து கடவுளான டாலோஸின் வழிபாட்டைத் தடைசெய், ஹேமர்ஃபெல் மாகாணத்தின் பெரும்பகுதியைக் கொடு என்கிறார். பேரரசர் டைட்டஸ் மீட் மறுக்கிறார். தூதர் வண்டியைக் கவிழ்க்கிறார். நூற்றுக்கும் மேற்பட்ட தலைகள் தரையில் உருள்கின்றன. எல்ஃப்களின் நாடுகளான சம்மர்செட்டிலும் வேலன்வுட்டிலும் இருந்த பிளேட்ஸ் உளவாளிகள் ஒருவர் பாக்கியில்லாமல் அந்த வண்டியில் வந்திருக்கிறார்கள். இந்தத் தொடரில் இதைவிட நெஞ்சை உலுக்கும் காட்சி எனக்குத் தெரியாது. அதை நான் பார்க்கவில்லை, படித்தேன். படையதிகாரி ஒருவர் எழுதியதாக வரும் சில பக்கங்களில். லெயாவின் என்ற நகரம் வீழ்ந்தது, தலைநகரம் சூறையாடப்பட்டது, 175இல் செவ்வளையப் போரில் அது மீட்கப்பட்டது, எல்லாம் அதே சில பக்கங்களில்தான்.

சரி, அது முன்கதை என்று பொறுத்துக்கொண்டோம். அடுத்ததையும் அப்படியே கடந்துபோவீர்களோ என்ற பயம்தான் இப்போது. முந்தைய விளையாட்டான ஒப்லிவியனுக்கும் ஸ்கைரிமுக்கும் இடையே இருநூறு ஆண்டுகளை ஒரே தாவலில் தாண்டியவர்கள் நீங்கள்.

போர் வரும் என்பதை நீங்களே எங்கள் கையில் கொடுத்திருக்கிறீர்கள். தால்மோர் தூதரகத்துக்குள் விருந்தாளி வேடத்தில் நுழைந்து, உல்ஃப்ரிக்கைப் பற்றிய கோப்பைத் திருடிப் படித்தவர்கள் நாங்கள். முதல் பெரும்போரில் பிடிபட்ட அவனை எலென்வென் என்ற தால்மோர் அதிகாரி விசாரித்திருக்கிறாள். அவன் வாய்திறப்பதற்கு முன்பே தலைநகரம் வீழ்ந்துவிட்டது. ஆனால் தான் சொன்ன தகவலால்தான் வீழ்ந்தது என்று அவனை நம்பவைத்து, தப்பிக்கவும் விட்டிருக்கிறார்கள். குற்றவுணர்வையே விலங்காகப் பூட்டி ஒரு மனிதனை ஊருக்கு அனுப்புகிறவர்கள், அடுத்த படையெடுப்பைப் பற்றி யோசிக்காமலா இருப்பார்கள்? அதே கோப்பில் உல்ஃப்ரிக்கின் வெற்றியும் தவிர்க்கப்பட வேண்டியது என்று குறித்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது யாருடைய வெற்றியும் அல்ல. போர் முடியாமல் இழுத்துக்கொண்டே போக வேண்டும்.

அவர்கள் திட்டம் என்னவாக இருக்கும் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். முதல்முறை இரு முனைகளில் வந்தார்கள். நாரிஃபின் என்ற தளபதி பேரரசின் மையமான சிரோடிலுக்குள், அரனெல்யா என்ற தளபதி ஹேமர்ஃபெல்லுக்குள். ஹேமர்ஃபெல்லில் மாட்டிக்கொண்டார்கள். தலைநகரை மீட்கத் தன் படையைக் கூட்டிச்செல்ல வேண்டியிருந்த பேரரசின் தளபதி டெசியானஸ், போரிட இயலாதவர்கள் என்ற பெயரில் பெருந்தொகை வீரர்களைப் பணியிலிருந்து விடுவித்து அங்கேயே விட்டுச்சென்றார். அவர்களை மையமாகக் கொண்டு திரண்ட படைதான் 174இன் இறுதியில் அரனெல்யாவை அலிக்கர் பாலைவனத்தின் குறுக்கே துரத்தியது. பேரரசு டொமினியனோடு உடன்படிக்கையில் கையெழுத்திட்டு ஹேமர்ஃபெல்லைக் கைவிட்ட பிறகும் அந்த மண்ணின் ரெட்கார்டுகள் தனியாகப் போராடி 180இல் எதிரியை வெளியேற்றினார்கள். இந்த அவமானத்தை டொமினியன் மறந்திருக்காது. ஆனால் பாலைவனத்தை இரண்டாம் முறை நடந்து கடக்கும் அளவுக்கு அவர்கள் முட்டாள்கள் அல்லர். ஆகவே கடல்வழி என்பது என் கணிப்பு. ஸ்கைரிமின் வடமேற்குக் கரையில், கண்காணாத இடத்தில், நார்த்வாட்ச் கோட்டையைச் சிறையாக வைத்திருக்கிறார்களே, அங்கே கைதிகளைக் கொண்டுவர முடியுமென்றால் படையையும் இறக்க முடியும்.

அதற்கும் முன்பாக, வாளை உருவாமலே ஒரு நாட்டை எடுக்கப் பார்ப்பார்கள். பூனை உருவ மக்களான காஜித்துகளின் நாடு எல்ஸ்வேரில் அதுதான் நடந்தது. 98 முதல் 100 வரை இரண்டு நிலவுகளும் வானத்தில் இல்லை. காஜித்துகளுக்கு நிலவுதான் பிறப்பு, உருவம், எல்லாம். நிலவுகள் திரும்பியபோது தாங்களே மீட்டதாகத் தால்மோர் சொன்னார்கள், மக்கள் நம்பினார்கள். 115இல் எல்ஸ்வேர் இரண்டு சிற்றரசுகளாகப் பிரிந்து டொமினியனின் கைக்குள் போனது. அந்த உடன்படிக்கையில் பேரரசு ஏற்றுக்கொண்ட டாலோஸ் தடையையும் நான் இதே கண்ணால்தான் பார்க்கிறேன். ஒரு மக்களின் கடவுளைத் தொட்டால் அவர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்வார்கள் என்று தெரிந்தே அந்த நிபந்தனையைப் போட்டிருக்கிறார்கள். இலினால்டா ஏரிக்கு அருகில் டாலோஸ் சிலையின் காலடியில் வழிபட வந்தவர்கள் செத்துக் கிடக்கிறார்கள், நடுவில் ஒரு தால்மோர் அதிகாரியின் பிணம், அதனிடம் ஓர் உத்தரவுத்தாள். முதன்முறை பார்த்தபோது வெகுநேரம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

காலம் யார் பக்கம் என்பது மட்டும்தான் எனக்குப் பிடிபடவில்லை. எல்ஃப்களுக்கு ஆயுள் நீளம், காத்திருப்பார்கள். மனிதர்களுக்கோ முப்பது ஆண்டுகளில் ஒரு புதிய தலைமுறைப் படை கிடைத்துவிடும். பேரரசரோ, டார்க் பிரதர்ஹுட் என்ற கொலையாளிக் கூட்டத்தின் வழியாகப் போனால், கட்டாரியா கப்பலில் எங்கள் கையாலேயே சாகிறார். அடுத்து அரியணையில் யார்? ஒரு வரி உண்டா?

இல்லை. கதை ஸ்கைரிம் நடக்கும் அந்த 201ஆம் ஆண்டிலேயே உறைந்து நிற்கிறது. 2016இல் புதிய பதிப்பு வந்தது, 2021இல் பத்தாண்டு நிறைவுப் பதிப்பு வந்தது. பனி அழகானது, நீர் அழகானது. அந்தக் கைதியின் கை மட்டும் கட்டியபடியே இருந்தது. 2018 ஜூனில் அடுத்த விளையாட்டின் முன்னோட்டமாக ஒரு மலைத்தொடரையும் கடற்கரையையும் சில விநாடிகள் காட்டினீர்கள். அது ஹேமர்ஃபெல் என்று எத்தனை பேர் நம்பிக்கொண்டிருக்கிறோம் தெரியுமா? பள்ளி மாணவராக இந்த விளையாட்டைத் தொடங்கியவர்கள் இன்று பிள்ளைகளுக்குப் பெற்றோராக இருக்கிறார்கள். ஒரு கதையை இவ்வளவு காலம் மனதில் சுமப்பவர்களிடம் எழுதுகிறவர்களுக்குக் கடமை இல்லையா?

குரல் உயர்ந்துவிட்டது, மன்னியுங்கள். கட்டளையிட எனக்கு உரிமை இல்லை, வேண்டிக்கொள்கிறேன். விளையாட்டு எந்த மாகாணத்தில் நடந்தாலும் சரி. டொமினியன் வென்றாலும் சரி, தோற்கும் பக்கத்தில் நிற்கவும் நான் தயார். போரைத் திரைக்குப் பின்னால் முடித்துவிடாதீர்கள். முதல் கப்பல் கரையைத் தொடும் நாளில் நான் அந்தக் கரையில் இருக்க வேண்டும். அந்தக் கைதிகளில் ஒருவனையாவது, மறுபடி பிடிபடாதபடி விடுவிக்க வழி செய்யுங்கள்.

மிக்க மரியாதையுடன்,
2011 முதல் ஸ்கைரிமில் நடந்துகொண்டிருக்கும் ஒருவன்