தண்ணீர்ப் பணம் குழாய்க்கே போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டர்பனுக்கு வடக்கே, எங்கள் வெருலம், தொங்காட் பக்கம் குழாயைத் திறந்தால் காற்று வருவதும், தண்ணீர் லாரி வந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் இப்போது யாருக்கும் செய்தியாகவே தோன்றுவதில்லை, எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளம் தொங்காட் சுத்திகரிப்பு நிலையத்தைச் சிதைத்ததில் மாதக்கணக்கில் தவித்தோம். சரி, அது வெள்ளம். ஆனால் மண்ணுக்குள் கிடக்கிற குழாய்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இற்றுப்போகத் தொடங்கிவிட்டன.

டர்பனின் குடியிருப்புப் பகுதிகளில் சாட்ஸ்வர்த் 1960களில் எழுந்தது, ஃபீனிக்ஸ் 1970களில். அந்தக் காலத்தில் அதிகம் பதித்தது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய், ஆயுள் சுமார் 50 ஆண்டு. டர்பனில் 2000களின் பிற்பாதியில் இப்படிப்பட்ட குழாய்களை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் மாற்றினார்கள், அதை மனதாரப் பாராட்டுகிறேன், மனது வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் வால்வு, பம்பு, நீர்த்தேக்கத் தொட்டி என்று எல்லாவற்றுக்கும் வயதாகிறது. ஒருமுறை செய்துவிட்டு இருபது வருஷம் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது.

வெடித்த இடத்தைத் தோண்டி, குழாயைச் சுற்றி இரும்புப் பட்டையை முடுக்கி, மேலே தாரை ஊற்றிவிட்டுப் போகிறார்கள். கொஞ்ச நாளில் பத்தடி தள்ளி மறுபடி பீறிடுகிறது. அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தண்ணீரை நிறுத்தி நிறுத்தி விடும்போது காலியான குழாயில் காற்று அடைத்துக்கொள்கிறது, திரும்பத் திறந்ததும் அழுத்தம் எகிறி, அடுத்த நலிந்த இடத்தை உடைக்கிறது, போதாக்குறைக்கு விரிசல் வழியாக அழுக்கும் உள்ளே போகிறது.

தண்ணீர் இழப்பைக் கணக்கிட்டு 2023இல் வந்த அரசின் 'நோ டிராப்' அறிக்கைப்படி, தென்னாப்பிரிக்காவில் நகராட்சிகள் விநியோகிக்கும் தண்ணீரில் சுமார் 47 சதவீதத்துக்கு வருமானமே இல்லை. அதில் பெரும்பகுதி கசிந்தே போகிறது. சுத்திகரிக்கக் காசு செலவழித்த தண்ணீர், ஐயா!

தண்ணீருக்கு நாம் கட்டுகிற பணம் பொதுக் கணக்கில் கலந்து, சம்பளம், கடன் என்று எங்கோ கரைந்துவிடுகிறது. அதைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று இப்போது நிதியமைச்சகமே சொல்கிறது; அப்படிச் சீர்திருத்தும் எட்டுப் பெருநகரங்களுக்கு ஊக்கத்தொகையாக 54 பில்லியன் ராண்டு என்று 2025இல் அறிவித்தும் இருக்கிறது. அப்புறம் என்ன தயக்கம்? கட்டணம் கூடினால்கூட நான் கட்டுவேன், ஏழைக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் தரும் இலவச 6 கிலோலிட்டர் தண்ணீரில் மட்டும் கை வைக்காமல் இருந்தால் போதும்.

எந்தத் தெருவுக் குழாய் எந்த வருஷம் போட்டது, எந்த வருஷம் மாற்றுவார்கள், பணம் எங்கிருந்து வரும், இந்தப் பட்டியலை ஒவ்வொரு வார்டிலும் ஒட்டட்டும். உள்ளாட்சித் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நம் வாசகர்கள் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
வெருலம் வாசகர்