மும்பை எங்கே வளர்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம். மும்பை மக்கள்தொகை குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். வெளியூர்க்காரர்கள் வந்து குவிவதால்தான் நகரம் பிதுங்குகிறது என்கிறீர்கள். கணக்கெடுப்பு அப்படிச் சொல்லவில்லையே! 2001-க்கும் 2011-க்கும் இடையில் பெருநகர மும்பை சுமார் 1.20 கோடியிலிருந்து 1.24 கோடியாகத்தான் கூடியது. கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரையிலான பழைய தீவு நகரமோ 33 லட்சத்திலிருந்து 31 லட்சமாகக் குறைந்தே போனது. அதே பத்தாண்டில் தானே மாவட்டம் (அப்போது பால்கர் பிரியவில்லை) 81 லட்சத்திலிருந்து சுமார் 1.11 கோடிக்கு ஏறியது. மராத்தியரோ குஜராத்தியரோ தமிழரோ உத்தரப்பிரதேசத்தாரோ, வாடகை கட்டுப்படியாகாதவர்கள் புறநகருக்குத்தான் நகர்கிறார்கள்.

தாராவியில் எங்கள் சந்தில் ஒரு காலத்தில் இருபத்திரண்டு திருநெல்வேலிக் குடும்பங்கள் இருந்தன. இப்போது ஐந்துதான். மற்றவர்கள் கல்யாண், பத்லாப்பூர் என்று போய்விட்டார்கள். வேலைக்கு மட்டும் விடியற்காலை லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். சரி, இவர்களை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது? 2027 கணக்கெடுப்பு முடிந்ததும் மும்பை, தானே, பால்கர் பகுதிகளை ஒன்றாக வைத்து, தாய்மொழி, குடிபெயர்வு விவரங்களை வார்டு வாரியாக வெளியிட வேண்டும்.

– ஒரு வாசகர், தாராவி, மும்பை