கிளாமத் சால்மனும் ஜனவரிக் கணக்கும்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றியதும் சால்மன் திரும்பியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எந்த மாதத்தில் நீரைத் திறந்துவிட்டார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

2024 ஜனவரி. வளர்ந்த மீன்கள் ஆற்றில் குறைவாக இருக்கும் பருவம். அணைகளுக்குப் பின்னால் தேங்கிய வண்டலைக் குளிர்கால நீரோட்டமே கடலுக்கு இழுத்துப் போகும். பெண் சால்மன் வாலால் கூழாங்கல்லைக் கிளறிக் குழி பறித்து முட்டையிடும். கல் இடுக்கில் தண்ணீர் ஓடினால்தான் முட்டைக்கு ஆக்சிஜன். நுண்ணிய வண்டல் அந்த இடுக்கை அடைத்தால் கரு மூச்சுமுட்டிச் சாகும்.

அப்படியும் ஒரு தவறு நடந்தது. பிப்ரவரி இறுதியில் மேலே ஃபால் கிரீக் ஓடையில் பொரிப்பகத்தில் வளர்த்த சுமார் 8,30,000 சால்மன் குஞ்சுகளை விட்டார்கள். நான்கில் ஒன்றான அயர்ன் கேட் அணை அப்போது இன்னும் நின்றது. அதன் அடிச் சுரங்கத்தைக் கடக்கையில் நீரழுத்தம் சட்டென மாறி, வாயுக் குமிழி நோயில் அவை பெருமளவில் மடிந்தன. சுரங்கம் இருக்கும்வரை குஞ்சுகளை அணைக்குக் கீழேதான் விட்டிருக்க வேண்டும். அடுத்த தொகுதிகளை அப்படித்தான் விட்டார்கள்.

அக்டோபரில் ஓரிகன் மாநிலத்தின் கிளாமத் படுகையில் சினூக் வகைச் சால்மன் தென்பட்டது, 1912-க்குப் பிறகு முதல்முறையாக. மேலே கீனோ, லிங்க் ரிவர் அணைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே, மீன்கள் படிப்படியாக ஏறிக் கடக்கும் மீன் ஏணிகள்தான் வழி.