கதிரை எரித்த கதையும் மிச்சமிருந்த 200 தொன் நிலக்கரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் சிறுவர் பக்கத்தில் வந்த நீராவிக் கப்பல் கட்டுரையை என் பேத்தி சத்தமாக வாசித்துக் காட்டினாள். சிரியஸ் என்ற கப்பல் நடுக்கடலில் நிலக்கரி முடிந்து, கதிரை மேசையெல்லாம் உடைத்து எரித்து நியூயோர்க் போய்ச் சேர்ந்ததாம், மறுநாள் வந்த கிரேட் வெஸ்டேர்ன் தோற்றுப்போனதாம். இதைத் தயவுசெய்து திருத்துங்கள்.

சிரியஸ் அயர்லாந்தின் கோர்க்கிலிருந்து வெளிக்கிட்டது 1838 ஏப்ரல் 4. கிரேட் வெஸ்டேர்ன் பிரிஸ்டல் பக்கமிருந்து வெளிக்கிட்டது ஏப்ரல் 8. நான்கு நாள் பிந்தி, அதைவிடத் தூரத்திலிருந்து வெளிக்கிட்ட கப்பல் 23ஆம் திகதி போய்ச் சேர்ந்துவிட்டது, பயணம் 15 நாளும் சில மணித்தியாலமும்தான். சிரியஸுக்கோ 18 நாள் பிடித்தது. அப்படியிருக்க யார் தோற்றது? கதிரை எரித்ததும் பிறகு வளர்ந்த கதை, அவர்கள் உலையில் போட்டது சில பீப்பாய் பிசின்.

எனக்கு வேகத்தைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. கிரேட் வெஸ்டேர்ன் கரை தொட்டபோது அதன் வயிற்றில் சுமார் 200 தொன் நிலக்கரி மிச்சம் கிடந்தது. என் மருமகன் வாழைச்சேனையிலிருந்து பலநாள் படகில் போகிறவர். ஐஸும் டீசலும் ஏற்றுகிற அன்று அவரோடு பேசவே முடியாது, படகு அறையின் பலகையில் பென்சிலால் கோடு கிழித்துக் கிழித்து, போக எவ்வளவு, வலை போட எவ்வளவு, திரும்ப எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்தவனுக்குத்தான் 200 தொன் மிச்சம் என்றால் என்னவென்று விளங்கும்.

அது அதிர்ஷ்டமில்லை. நீண்ட தூரத்துக்கு நிலக்கரி ஏற்றினால் ஆட்களுக்கும் சாமானுக்கும் இடமிருக்காது என்று பலர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பொறியியலாளர் புரூனெல் கணக்கை வேறுவிதமாகப் போட்டார்: நீளம், அகலம், ஆழம் மூன்றையும் இரண்டு மடங்காக்கினால் கப்பல் கொள்ளும் அளவு எட்டு மடங்காகும், தண்ணீர் தடுக்கிற விசையோ ஏறத்தாழ நான்கு மடங்குதான். ஆகவே பெரிதாகக் கட்டு. கட்டினார், 72 மீற்றர் நீளத்துக்கு.

சரி, சாதனைக் கப்பல் என்றால் சனம் முண்டியடித்து ஏறியிருக்கும் என்று நினைப்போம். இல்லை. கொஞ்ச நாள் முன்னம் தேம்ஸ் நதியில் கப்பல் தீப்பிடித்து, புரூனெலே ஏணியிலிருந்து விழுந்து காயப்பட, ஐம்பது பேர் வரை பயணத்தைக் கைவிட்டார்கள். முதல் பயணத்தில் போன பயணிகள் 7 பேர்தான்! அந்த ஏழு பேரையும் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதற்குப் பிறகு எட்டு வருஷத்துக்கு மேல் அட்லாண்டிக்கில் ஓடி, 1847இல் கைமாறி, கிரிமியப் போருக்குப் படையினரையும் ஏற்றி, கடைசியில் 1856இல் உடைக்கப் போனது.

திருத்தம் போடும்போது பெரிய படமெல்லாம் வேண்டாம். இரண்டு கப்பலும் வெளிக்கிட்ட திகதி, போய்ச் சேர்ந்த திகதி நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், பிள்ளைகள் விரல் மடித்து எண்ணிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.