மூன்று வேலைக்கு ஒரே சொல்லா?

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கணினி கேள்வி-பதில் பகுதியைத் தவறாமல் படித்து, வேண்டியதைக் கத்தரித்து வைத்துக்கொள்பவன் நான். சென்ற வாரம் ஒரு வாசகர், தம்முடைய பழைய கணினி அடிக்கடி நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தார். 'சிஸ்டம் ரீஸ்டோர் மூலம் மீட்டெடுங்கள், சரியாகிவிடும்' என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. அதே பக்கத்தில், கணினியை விற்பதற்கு முன் அதை ஆலையிலிருந்து வந்த நிலைக்கு 'மீட்டெடுக்க' வேண்டும் என்று இன்னொரு பதில். அதற்குக் கீழே, அழிந்துபோன படங்களை பேக்கப்பிலிருந்து 'மீட்டெடுப்பது' எப்படி என்று மூன்றாவது பதில்.

இவை மூன்றும் வேறு வேறு வேலைகள். முதலாவது விண்டோஸின் சொந்தக் கோப்புகளை மட்டும் முந்தைய நாளின் நிலைக்குக் கொண்டுபோகும்; நம் படங்களைத் தொடவே தொடாது. இரண்டாவது அனைத்தையும் துடைத்துவிடும். மூன்றாவது மட்டும்தான் படங்களைத் திருப்பித் தரும். மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் வாசகர் என்ன நினைப்பார்? நான் என்ன நினைத்தேன், அதனால் என்ன ஆயிற்று என்பதைச் சொன்னால் என் வருத்தம் உங்களுக்குப் புரியும்.

அச்சகம் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன் நான். வீட்டில் இருப்பது 2010இல் வாங்கிய மேசைக் கணினி. விண்டோஸ் 7, 2 ஜிபி நினைவகம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு நின்றுவிட்டதால், அதை இணையத்தில் இணைப்பதில்லை. ஆனாலும் அதை விட முடியவில்லை. என்னிடம் உள்ள ஸ்கேனரின் டிரைவர் (அதைக் கணினியோடு இணைத்து இயக்கும் மென்பொருள்) அந்தக் கணினியில் மட்டும்தான் வேலை செய்கிறது. அப்பா எங்களுக்கு எழுதிய கடிதங்களை, பக்கம் பக்கமாக, 640 பக்கங்கள் அதில் ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். அம்மா பேரப் பிள்ளைகளுக்குக் கதை சொன்ன ஒலிப்பதிவுகள் 38, அவையும் அதே டிஸ்கில். வேறு எங்கும் நகல் கிடையாது.

கடிதங்களை அச்சிட்டு உடன்பிறந்தவர்களுக்கு ஆளுக்கொரு கட்டாகக் கொடுக்கலாம் என்று புதிய பிரின்டர் ஒன்றை வாங்கி, அதற்குரிய மென்பொருளை நிறுவினேன். அன்று மாலையே தொல்லை தொடங்கியது. ஸ்கேனரை இயக்கினால் திரை நீலமாகி, கணினி தானே அணைந்து மீண்டும் எழும். மற்றபடி வேலை செய்தது. நான் கத்தரித்து வைத்திருந்த உங்கள் பக்கங்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அதிலும் 'மீட்டெடுங்கள்' என்றே இருந்தது.

சிஸ்டம் ரீஸ்டோரைத் திறந்தேன். நான்கு தேதிகள் பட்டியலில் இருந்தன. பிரின்டரை நிறுவுவதற்கு முந்தைய தேதியைத் தேர்ந்தெடுத்தேன். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து, கணினி தானே மறுபடி தொடங்கி, நாற்பது நிமிடங்கள் கழித்து ஒரு சிறு பெட்டி வந்தது: ரீஸ்டோர் வெற்றிகரமாக முடியவில்லை, கணினியின் கோப்புகளும் அமைப்புகளும் மாற்றப்படவில்லை, குறிப்பிடப்படாத பிழை ஏற்பட்டது. மாற்றப்படவில்லை என்று படித்ததும் எனக்கு ஒரு நிம்மதி. கடிதங்களும் பதிவுகளும் பத்திரமாக இருக்கின்றன, எத்தனை முறை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம் என்று எண்ணிவிட்டேன். அந்த எண்ணத்தை எனக்குள் விதைத்தது 'மீட்டெடுப்பு' என்ற சொல்தான். மீட்பது என்றால் காப்பாற்றுவது அல்லவா?

இரண்டாம் முறை இன்னும் பழைய தேதியைக் கொடுத்தேன். அதே பெட்டி. ஆன்டிவைரஸ் குறுக்கே நிற்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது உண்மைதான். தன் கோப்புகளை யாரும் மாற்றிவிடாமல் காப்பது அதன் வேலை. ரீஸ்டோரோ அந்தக் கோப்புகளையும் பழையபடி ஆக்கப் பார்க்கும். அப்போது 'அணுகல் மறுக்கப்பட்டது' என்ற பிழையோடு எல்லாம் நின்றுவிடும். ஆன்டிவைரஸை முழுவதுமாக நீக்கிவிட்டு மூன்றாம் முறை முயன்றேன். பலனில்லை. ஆனால் இப்போது பட்டியலைப் பார்த்தால் நான்கு பழைய தேதிகளில் ஒன்றுதான் மிச்சம். மேலே, முந்தைய முயற்சியைத் திருப்புவதற்கான புதிய பதிவு ஒன்று உட்கார்ந்திருந்தது.

இதை உங்கள் பகுதியில் யாரும் சொல்லிப் பார்த்ததில்லை. சாதாரணமாக விண்டோஸுக்குள் இருந்தபடி ரீஸ்டோர் செய்யும்போது, பின்னால் மனம் மாறினால் திரும்பி வரட்டும் என்று கணினி அந்த நேரத்து நிலையையும் ஒரு புள்ளியாகப் பதிந்துகொள்கிறது. இந்தப் புள்ளிகளுக்கென ஒதுக்கப்பட்ட இடம் குறைவாக இருந்தால், புதியது வர வர, மிகப் பழையது முதலாக அழிந்துபோகிறது. என் சி டிரைவில் காலியிடம் 2 ஜிபிக்கும் கீழே. ரீஸ்டோருக்கு ஒதுக்கியிருந்ததும் சொற்பம். நான் ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தியபோதும், எனக்கு வேண்டிய தேதியை நானே வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். (ஒரே கணினியில் விண்டோஸ் எக்ஸ்பியையும் விண்டோஸ் 7ஐயும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு: எக்ஸ்பியில் ஒருமுறை நுழைந்து வந்தாலே 7இன் புள்ளிகள் அழிந்துவிடும்.)

தொலைபேசியில் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கேட்டேன். 'பழைய மெஷின் சார், ஃபார்மட் செய்துவிடலாம்' என்றார்; அதாவது, டிஸ்கில் உள்ளதை எல்லாம் அழித்துவிடலாம் என்று. என்ன பிழை வந்தது என்றுகூட அவர் கேட்கவில்லை. நல்ல வேளையாக, அதற்கு முன் என் தம்பி மகளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியது. அவள் முதலில் கேட்ட கேள்வி: "பெரியப்பா, டிஸ்கிலிருந்து சத்தம் ஏதாவது வருகிறதா?"

பெட்டியோடு காதை வைத்துக் கேட்டேன். மின்விசிறியின் இரைச்சலுக்கு அடியில், நகத்தால் மேசையைத் தட்டுவதுபோல் 'டிக்', சற்று இடைவெளி, மீண்டும் 'டிக்'. எத்தனை நாளாக இருந்ததோ தெரியாது, நான் கவனித்ததில்லை.

ஈவன்ட் வியூவர் என்னும் பதிவேட்டைத் திறக்கச் சொன்னாள். கண்ட்ரோல் பேனலில் நிர்வாகக் கருவிகளுக்குள் அது இருக்கிறது. 'சிஸ்டம்' என்ற பிரிவில் 'டிஸ்க்' என்ற பெயரோடும் 7 என்ற எண்ணோடும் சிவப்புக் குறி போட்ட வரிகள் அடுக்கடுக்காக நின்றன. டிஸ்கில் ஓர் இடம் பழுதாகிவிட்டது, அங்கே எழுதியிருப்பதைப் படிக்க முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். ரசீதையும் பேரேட்டையும் நாற்பது ஆண்டுகள் ஒத்துப் பார்த்தவன் நான். ஒவ்வொரு முயற்சியின்போதும் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்திருந்த துண்டுச் சீட்டை அருகில் வைத்துக்கொண்டு நேரங்களைச் சரிபார்த்தேன். முதல் முயற்சி காலை 10.20க்கும் 11க்கும் இடையே. சிவப்பு வரிகள் 10.41, 10.42, 10.42. மற்ற இரண்டு முயற்சிகளுக்கும் அப்படியே பொருந்தியது. 'குறிப்பிடப்படாத பிழை' என்று திரையில் வந்தது, இந்தப் பதிவேட்டில் தெளிவாகக் குறிப்பிடப்பட்டே இருந்தது.

அதாவது, சாகக் கிடந்த டிஸ்கை, ஆயிரக்கணக்கான கோப்புகளைப் படித்து எழுதச் சொல்லி மூன்று முறை ஓட்டியிருக்கிறேன். அதுவும், ஒரே ஒரு நகல்கூட எடுக்காமல்.

உடனே வெளி டிஸ்க் ஒன்றை இணைத்து நகலெடுக்கத் தொடங்கினேன். முதலில் அம்மாவின் குரல், பிறகு அப்பாவின் கடிதங்கள். பழைய கணக்கு வழக்கெல்லாம் அப்புறம். இந்த வரிசையைச் சொன்னதும் தம்பி மகள்தான். தாளில் இருப்பதை மறுபடி ஸ்கேன் செய்துகொள்ளலாம், குரலை மறுபடி பதிய முடியாது என்றாள். மூன்று கோப்புகளில் நகல் நின்றுபோய், 'டேட்டா எரர், சைக்ளிக் ரிடண்டன்சி செக்' என்ற அறிவிப்பு வந்தது. படித்த தரவு சோதனைக் கணக்கோடு ஒத்துவரவில்லை என்று அர்த்தமாம். ஒன்று கடிதப் பக்கம்; தாள் கையில் இருந்ததால் பிழைத்தது. மற்ற இரண்டும் ஒலிப்பதிவுகள். அவள், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம் போட்ட பென் டிரைவ் ஒன்றைத் தந்து, விண்டோஸைத் தொடங்காமலே அதிலிருந்து கணினியை எழுப்பி மறுபடி முயலச் சொன்னாள். ஒரு பதிவு முழுதாக வந்தது. மற்றொன்று, 11 நிமிடக் கதை, வரவே இல்லை.

நகலெல்லாம் எடுத்து முடித்த பிறகே செக்டிஸ்க் சோதனைக்கு அவள் ஒப்புக்கொண்டாள். பழுதான இடங்களைத் தேடும் முழுச் சோதனை டிஸ்கின் ஒவ்வோர் இடத்தையும் படித்துப் பார்க்கும். அது நலிந்த டிஸ்குக்குப் பெரும் சுமை. பலர் இதைத்தான் முதலில் செய்யச் சொல்கிறார்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். ஐந்து கட்டங்களாக இரவு முழுவதும் ஓடி முடிந்ததும், பழுதான பகுதிகளின் அளவைச் சொல்லும் வரியில் 64 கேபி என்று இருந்தது. அங்கே சுழி இருந்திருக்க வேண்டும். ரீஸ்டோர் பட்டியலில் ஒரு தேதிகூட மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆற்றாமை. கண்ட்ரோல் பேனலுக்குப் போய், புதிய பிரின்டரின் மென்பொருளைப் பட்டியலில் தேடி நீக்கினேன். கணினியை அணைத்துப் போட்டேன். ஸ்கேனர் வேலை செய்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எந்த மாற்றத்தால் தொல்லை வந்தது என்று தெரிந்திருக்கும்போது, அந்த ஒன்றை மட்டும் திருப்பினால் போதும். கணினியையே பின்தேதிக்கு இழுக்க வேண்டியதில்லை. ரீஸ்டோர் பெட்டியிலேயே, பாதிக்கப்படும் நிரல்களைத் தேடிக் காட்டும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அழுத்திப் பார்த்திருந்தாலே என் பிரின்டரின் பெயர் அங்கே தெரிந்திருக்கும்.

இப்போது அந்தக் கணினியில் புதிய டிஸ்க் போட்டு, விண்டோஸை முதலிலிருந்து நிறுவியாயிற்று.

என் கோரிக்கைக்கு வருகிறேன். சிஸ்டம் ரீஸ்டோர் 2000இல் விண்டோஸ் மில்லேனியம் பதிப்போடு வந்தது. அன்றிலிருந்து அதன் வேலை ஒன்றுதான்: விண்டோஸின் சொந்தக் கோப்புகள், ரெஜிஸ்ட்ரி என்னும் அமைப்புப் பதிவேடு, டிரைவர்கள், நிறுவிய நிரல்கள் ஆகியவற்றை முந்தைய நாளின் நிலைக்குக் கொண்டுபோவது. நம் கடிதமும் படமும் பாட்டும் அதன் கணக்கிலேயே இல்லை. இதற்கு 'முந்தைய நிலைக்குத் திருப்புதல்' என்று எழுதுங்கள். ஆலை நிலைக்குக் கொண்டுபோவதை 'முழுவதும் அழித்துப் புதிதாக்குதல்' என்று வெளிப்படையாகவே எழுதுங்கள். தெரிந்த குடும்பம் ஒன்றில், கணினி தொடங்கும்போது தோன்றிய திரையில் இருந்த 'ரீஸ்டோர்' சிஸ்டம் ரீஸ்டோர்தான் என்று நம்பி அழுத்தி, பிள்ளைகளின் ஆறு ஆண்டுப் படங்களை ஒரே நாளில் இழந்துவிட்டார்கள். 'மீட்டெடுத்தல்' என்ற சொல்லை, நகலிலிருந்து கோப்புகளைத் திரும்பப் பெறுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரீஸ்டோர் செய்யச் சொல்லும் ஒவ்வொரு முறையும், முதலில் வேண்டியதை வேறு டிஸ்கில் நகலெடுங்கள், ஒருமுறை தோற்றால் மறுபடி அழுத்தாமல் ஈவன்ட் வியூவரைப் பாருங்கள் என்று இரண்டு வரி சேருங்கள். டிஸ்க் நலமாக இருந்து ஆன்டிவைரஸ் மட்டும் தடை என்றால், விண்டோஸ் 7இல் கணினி தொடங்கும்போது எஃப்8 விசையை அழுத்தி, 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' வழியாக விண்டோஸுக்கு வெளியிலிருந்து செய்யலாம்; ஆனால் அப்படிச் செய்ததைத் திருப்ப முடியாது. இதையும் சொல்லிவிடுங்கள். பிந்தைய விண்டோஸ் 10 கணினிகள் பலவற்றில் இந்த வசதி அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. ஆபத்து வந்த பிறகு போய்ப் பார்த்தால் பட்டியல் காலியாக இருக்கும்; ஆகவே அது இயங்குகிறதா என்று இன்றே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் பகுதியை எழுதுபவரிடம் எனக்கும் ஒரு கேள்வி உண்டு. பழைய டிஸ்கைக் கழற்றி, உறையில் போட்டு, அசையாமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு அதில் மின்சாரம் பாயவிடவில்லை. அந்த 11 நிமிடப் பதிவை, முழுவதும் இல்லாவிட்டாலும் படிக்க முடிந்த பகுதியையாவது, எடுக்க வழி உண்டா? எடுக்க முயலும் முன் நான் செய்யக் கூடாதவை எவை? விடையைக் கொஞ்சம் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர், உங்கள் நெடுநாள் வாசகர்