ஹெலிகாப்டர் வர்றதுக்கு முன்னாடி

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன வாரம் போர்க்களத்துல காயம்பட்ட வீரர்களுக்கு எப்படி சிகிச்சை நடக்குதுன்னு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, நெப்போலியன் படையில லாரேங்கிற சர்ஜன் ஆபீசரா சிப்பாயான்னு பாக்காம காயத்தோட கடுமையைப் பார்த்துதான் சிகிச்சை குடுத்தார்னு ஆரம்பிச்சது ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் பக்கம் முழுக்க ஹெலிகாப்டரும் ஆபரேஷன் தியேட்டரும்தான். கீழே ஒரு பெட்டிச் செய்தி வேற, ரத்தம் நிக்க கை கால்ல இறுக்கிக் கட்டுற டூர்னிக்கே பட்டையைக் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை தளர்த்திவிடணும்னு. அதைப் படிச்சதும்தான் இந்த லெட்டரை எழுத உக்காந்தேன்.

நான் ராணுவத்துல நர்சிங் அசிஸ்டென்டா இருந்து ரிட்டயர் ஆனவன், கடைசி சில வருஷம் புதுசா வர்ற பசங்களுக்கு அடிபட்ட இடத்துலயே ரத்தத்தை நிறுத்துறதைத்தான் சொல்லிக்குடுத்தேன்.

தொடையில ஓடுற பெரிய ரத்தக்குழாய் அறுந்துபோச்சுன்னா உயிர் போக சில நிமிஷம் போதும் சார். எப்பேர்ப்பட்ட ஹெலிகாப்டரும் அதுக்குள்ள வராது, டாக்டரும் பக்கத்துல இருக்க மாட்டார், கூட துப்பாக்கியோட படுத்திருக்கிறவன்தான் அந்த நேரத்துக்கு டாக்டர், அவனும் நகர முடியலன்னா அடிபட்டவன் தனக்குத்தானே ஒத்தைக் கையால கட்டிக்கணும். 2001லேருந்து 2011 வரைக்கும் ஈராக், ஆப்கானிஸ்தான் களத்துல இறந்த 4,596 அமெரிக்க வீரர்களோட ரெக்கார்டை அலசி 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு. 87 சதவீதம் பேர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்க, அவங்கள்ல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தரைக் காப்பாத்த வாய்ப்பு இருந்திருக்கு, அப்படிக் கைவிட்டுப் போனவங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல ரத்தப்போக்குதான்.

டூர்னிக்கே கட்டினா கால் போயிடும், அது கடைசி வழின்னு ரொம்ப காலம் ஒரு பயம் இருந்துச்சு. நானும் அப்படித்தான் படிச்சேன். 1996ல அமெரிக்க ராணுவ டாக்டருங்க களத்துக்குன்னே தனி முறை எழுதினாங்க, குண்டு பறக்கும்போது வேற எந்த வைத்தியமும் வேணாம், மறைவுக்கு இழு, கை கால்ல ரத்தம் பீச்சி அடிச்சா டூர்னிக்கே போடு, மத்ததெல்லாம் அப்புறம்னு. 2 மணி நேரத்துக்குள்ள எடுத்துட்டா அதனாலயே கால் போறது ரொம்ப அபூர்வம். ஆனா உங்க பெட்டிச் செய்தில சொன்ன மாதிரி அப்பப்போ தளர்த்தினா கட்டி நிக்கிற ரத்தம் மறுபடி பிச்சுக்கிட்டு ஓடும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா போய் கடைசில ஆளே போயிடுவான்.

கிளாஸ்ல ஜோடி ஜோடியா உக்கார வச்சு ஒருத்தன் தொடையில இன்னொருத்தனைக் கட்டச் சொல்வேன். பட்டையை இழுத்து அதுல இருக்கிற குச்சியை முறுக்க ஆரம்பிச்சதும் படுத்திருக்கிறவன் "டேய் போதும்டா, விடுடா"ன்னு கத்துவான், கட்டுறவன் முகம் சுருங்கி அரைச் சுத்து பின்னாடி விட்டுடுவான். அங்கதான் தப்பே. பாதத்துல கை வச்சுப் பாத்தா நாடி இன்னும் துடிச்சிட்டிருக்கும். அரைகுறைக் கட்டு கட்டாததைவிட மோசம், உள்ளே போற ரத்தம் போய்க்கிட்டே இருக்கும், திரும்பி வர்ற வழி மட்டும் அடைபட்டுடும். நாடி நிக்கிற வரைக்கும் முறுக்கு, திட்டினா திட்டிக்கட்டும்னு சொல்வேன். அப்புறம் மார்க்கரால கட்டின நேரத்தை எழுதணும், இதைத்தான் பசங்க அதிகமா மறப்பாங்க. இன்னொண்ணு, அடிபட்டவனோட பையில இருக்கிறதைத்தான் எடுத்துக் கட்டணும், நம்மளோடது நமக்கு, அடுத்த குண்டு யாருக்குன்னு யாருக்குத் தெரியும்.

இடுப்பு மடிப்பு, அக்குள்ல எல்லாம் டூர்னிக்கே நிக்காது. அங்க காயத்துக்குள்ளயே காஸ் துணியைத் திணிச்சு உடம்பு எடையைப் போட்டு அழுத்தணும், எட்டி எட்டிப் பாக்கக் கூடாது. முடிஞ்சதும் போர்வை போத்தணும், வெயில் காலமா இருந்தாலும் சரி, ரத்தம் போன உடம்பு சில்லுனு ஆயிடும், சில்லுனு ஆனா ரத்தம் உறையாது.

2009ல அமெரிக்க ராணுவத்துல ஒரு மணி நேரத்துக்குள்ள காயம்பட்டவனைத் தூக்கியாகணும்னு உத்தரவே போட்டாங்க, பலனும் கிடைச்சுது, ஆனா அது வானம் நம்ம கையில இருக்கிற போருக்கு. உக்ரைன்ல ட்ரோன் தலைக்கு மேலயே சுத்துது, ஸ்ட்ரெச்சரைத் தூக்கினாலே அடிக்குது, பல மணி நேரம், சில சமயம் நாள் கணக்குல பதுங்குகுழிலயே கிடக்குறாங்க. போட்ட டூர்னிக்கே தேவைதானான்னு பார்த்து, ரத்தம் நின்னிருந்தா அழுத்துக் கட்டா மாத்துறதையும் களத்துலயே செய்ய வேண்டியிருக்கு. அதுக்குத் தெரிஞ்ச ஆள் வேணும், அது தளர்த்தித் தளர்த்தி விடுறது இல்ல.

அமெரிக்காவோட 75வது ரேஞ்சர் படைப்பிரிவுல சமையல்காரர்லேருந்து கமாண்டர் வரை எல்லாருக்கும் இதைக் கத்துக்குடுத்தாங்க. அவங்க கணக்கை 2011ல வெளியிட்டப்போ, களத்துல காப்பாத்தியிருக்கலாம்ங்கிற மாதிரி ஒரு சாவு கூட இல்ல.

அடுத்த தடவை இதைப் பத்தி எழுதினா அந்த முதல் சில நிமிஷத்துக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்க சார். அந்தப் பெட்டிச் செய்திக்கு மட்டும் நாளைக்கே ஒரு திருத்தம் போட்டுடுங்க, யாராச்சும் கட் பண்ணி வச்சிருப்பாங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு நர்சிங் அசிஸ்டென்ட்