நம் வீட்டு நிலைப்படியும் சம்பந்தி வீட்டுக் குளியலறையும்

உ
சிவமயம்

பள்ளத்தூர்

மகள் சௌபாக்கியவதி வள்ளியம்மைக்கு அப்பச்சி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் ஆத்தாளும் நலம். மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள் நலத்துக்கு எழுது.

சென்னையில் நீலாங்கரைக் கடலோரத்தில் இருக்கிற உன் மாமனார் வீட்டை, வயசானவர்கள் நடமாடத் தோதாகத் திருத்துவது பற்றிப் போனில் கேட்டாய். அது போனில் பேசி முடிகிற காரியமில்லை. நம் வீட்டில் செய்ததை அப்படியே அங்கேயும் செய்துவிடலாம் என்கிறாய். பாதியைச் செய்யலாம். மீதியைக் கடல் சும்மா விடாது. பொதுப்பணித் துறையில் ராமநாதபுரம் பக்கம் உப்புக் காற்றில் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் நம் வீடு. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட பிறகு இங்கே வந்தவர்கள் நாம், அந்தப் பயத்தில்தான் வீட்டை இவ்வளவு உயர்த்திக் கட்டினார்கள் என்று உன் ஐயா சொல்வார். அது எப்படியோ, தெருவிலிருந்து முகப்புக்கு நாலரை அடி ஏற வேண்டும். சரிவுப் பாதைக்குக் கணக்கு 1-க்கு 12. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். நாலரை அடிக்கு 54 அடி ஆகிறது, நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு சமதளம் வேறு வேண்டும். திண்ணையை இடித்தாலும் அவ்வளவு இடம் கிடைக்காது. கிடைத்தாலும் பங்காளிகள் விடமாட்டார்கள். வீடு ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பத்துக்கு, பாத்தியப்பட்டது என்பது உனக்குத் தெரியும், ஓர் ஆணி அடிக்க ஏழு பேரைக் கேட்க வேண்டும்.

நல்ல வேளையாக நம் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. பின்பக்கம் மண் மேடாக இருப்பதால் அடுப்படிக் கதவுக்கு ஒன்றரை அடிதான் உயரம். அங்கே சுவரை ஒட்டி 18 அடிக்குச் சரிவு போட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தாயிற்று. உன் ஆத்தாளுக்கு மட்டும் வருத்தம். "ஊரே வெட்கப்படும்படி அடுப்படி வழியாகவா வீட்டுக்குள் வருவது" என்றாள். இப்போது காய்கறிக்காரி வண்டியை நேரே அடுப்படி வரைக்கும் தள்ளிக்கொண்டு வருவதால் பேச்சில்லை.

அறைக்குள் போகிற நிலைப்படி அடுத்த சிக்கல். ஆறு அங்குல உயரம். பர்மாத் தேக்கு நிலையை அறுக்கக் கூடாது என்பதில் ஏழு புள்ளியும் ஒரே குரல், நானும் அந்தக் கட்சிதான். இரண்டு பக்கமும் மரச்சரிவு வைப்போம் என்றார் ஆசாரி. கணக்குப்படி பக்கத்துக்கு ஆறடி வேண்டும், அறைக்குள் கட்டில் இருக்கிறது. அதோடு, முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சரிவில் இறங்குவதைவிடத் தாழ்ந்த படியில் இறங்குவது பல சமயம் சுலபம். சக்கர நாற்காலிக்குச் சரிவு, முழங்காலுக்கு அரைப்படி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. அதனால் நிலைக்கு இரு புறமும் மூன்று அங்குல உயரத்தில் அகலமான பலகை மேடை. இரண்டு பாதமும் தாராளமாக நிற்கும். அடியில் ரப்பர் ஒட்டியிருக்கிறது, நகராது. வேண்டாதபோது தூக்கி வைத்துவிடலாம் என்பதால் பங்காளிகளும் ஒன்றும் சொல்லவில்லை.

குளியலறைதான் பெரிய செலவு. கேணியடிக்கு இரவில் போவதென்றால் வளவை, அதாவது நடு முற்றத்தை, தாண்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வளவுக் கல் காய்வதே இல்லை, அதன் ஓரத்தில் ஆத்தங்குடிக் கல் பளபளவென்று கிடக்கும். காய்ந்திருக்கும்வரை அழகு, ஈரக்காலோடு மிதித்தால் தெரியும். அதனால் முகப்பை ஒட்டிய அறையைத் தடுத்து உள்ளேயே குளியலறை கட்டினோம். சொரசொரப்பான ஓடு. வாசலில் தடுப்புப் படி கிடையாது, குறுக்கே ஒரு சல்லடைக் கால்வாய் போட்டுத் தண்ணீரைத் தடுத்திருக்கிறோம். கழிப்பிடத்தின் இருக்கை 18 அங்குல உயரம். கதவு வெளிப்பக்கம் திறக்கும். இதை மறந்துவிடாதே, உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் திறக்க முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கிற வகை.

கைப்பிடி வைத்த அன்று நீ பார்த்திருக்க வேண்டும். பழைய சுவரில் டிரில்லை வைத்ததும் முதலில் வெள்ளையாகச் சுண்ணாம்பு கொட்டியது. அப்புறம் செங்கல் சிவப்பு. அடுத்த அங்குலத்தில் மறுபடி வெள்ளை, பிட் பிடிப்பில்லாமல் சரேலென்று உள்ளே போனது. இரண்டு செங்கலுக்கு நடுவில் உள்ள சுண்ணாம்புச் சாந்து அது. அங்கே முடுக்கிய போல்ட் துண்டு தொங்கப் போடத்தான் ஆகும், ஆள் பிடிக்க ஆகாது. வழுக்கி விழப் போகிறவர் மொத்த எடையையும் ஒரே இழுப்பில் போடுவார், நூறு கிலோவுக்கு மேல் தாங்கினால்தான் அது கைப்பிடி. அதனால் பழைய சுவரைத் தொடாமல், தரையிலிருந்து கால் எழுப்பி ஒரு சட்டம் நிறுத்தினோம். புதிதாகக் கட்டிய தடுப்புச் சுவரில் மட்டும் போல்ட். குழாய் ஒன்றரை அங்குலக் கனம், சுவருக்கும் குழாய்க்கும் இடைவெளியும் ஒன்றரை அங்குலம். அதற்கு மேல் இடம் விட்டால் முழங்கை உள்ளே மாட்டிக்கொள்ளும். நீ ஆன்லைனில் அனுப்பிய, உறிஞ்சிப் பிடிக்கிற பிளாஸ்டிக் கைப்பிடியை உன் ஆத்தா பால்கணக்கு எழுதும் பலகைக்கு மாட்டி வைத்திருக்கிறாள். அதற்கு அது போதும்.

இரவு விளக்குக்கு, ஆள் அசைந்தால் எரிகிற சிறு பல்புகளை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருக்கிறேன். மலிவு, நல்ல பலன்.

இனி நீலாங்கரை. தை மாதம் போயிருந்தபோது உன் மாமனார் குளியலறையில் இருந்த கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தேன். வைத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வெளியே மினுமினுப்பு, திருகைச் சுற்றிப் பழுப்பு வளையம். ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருப்பினேன், திருகின் தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. சம்பந்தி அதைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் எழுந்திருக்கிறார். வைத்துக் கொடுத்தவர் முலாம் பூசிய இரும்பை ஸ்டீல் என்று விற்றிருக்கிறார்.

நீ சின்னவளாக இருந்தபோது ராமேஸ்வரம் ரயிலில் பாம்பன் பாலத்தைத் தாண்டும்போது, பெயிண்ட் அடிக்கிறவர்களைப் பார்த்துக் கை காட்டுவாய். 1914-ல் திறந்த அந்தப் பாலத்தை அவ்வளவு பராமரித்தும் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் கம்பியையே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போட்டார்கள். கடல் காற்று அப்படி.

கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 304 ரக ஸ்டீல். நம் ஊருக்கு அது போதும். கடலோரத்துக்கு 316 வேண்டும், அதில் மாலிப்டினம் இரண்டு மூன்று சதவீதம் கலந்திருக்கும், உப்பு குழி பறிக்காமல் அது தடுக்கும். காந்தம் வைத்துப் பார்த்து வாங்குகிறேன் என்று சம்பந்தி சொல்வார். இரண்டிலும் காந்தம் ஒட்டாது, வித்தியாசம் தெரியாது. பில்லில் 316 என்று எழுதி வாங்கச் சொல். போல்ட், வாஷர், திருகு எல்லாம் அதே ரகமாக இருக்கட்டும், நல்ல குழாயை மட்ட இரும்புத் திருகால் மாட்டினால் திருகுதான் முதலில் போகும். இன்னொன்று, வேலைக்கார அம்மா ஓடு கழுவ ஆசிட் ஊற்றுகிறாரா என்று கேள். அந்த ஆசிட் 316-ஐயும் அரித்துவிடும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். வாக்கர் வாங்கினால் அலுமினியம் வாங்கு, பக்கவாட்டில் நகர்கிற கதவுக்கு இரும்புத் தண்டவாளம் வேண்டாம்.

இதெல்லாம் பணம் கொடுத்தால் தீருகிற விஷயம். தீராதது உயரம்தான், நீயும் மாப்பிள்ளையும் யோசிக்க வேண்டியது அதை. ரோடு மேல் ரோடு போட்டு அந்த வீடு தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. ஜாக்கி வைத்து வீட்டை மூன்றடி தூக்கிவிடலாம் என்று ஒருவர் மதிப்பீடு கொடுத்திருப்பதாகச் சொன்னாய். தூக்கினால் மழைத் தண்ணீர் வராது, சரி. ஆனால் வாசலுக்கு 36 அடிச் சரிவு வேண்டுமே, மதில் சுவருக்கும் வாசலுக்கும் இருப்பது பதினைந்தடி. மடக்கிப் போட்டால் கார் நிறுத்த இடமில்லை. வெளியே சின்ன லிப்ட் வைக்கலாம் என்று அதற்கும் அவர் ஒரு வழி சொல்வார். உப்புக் காற்றில் அதன் சங்கிலியும் சுவிட்சும் எத்தனை நாள்? வார்தாப் புயலின்போது சென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. லிப்ட் எந்த நாளுக்கு வேண்டுமோ அந்த நாளில் ஓடாது. தண்ணீருக்குப் பயந்து உயர்த்தினால் முழங்கால் வீட்டுக்குள்ளேயே சிறைப்படும். நம் முன்னோர் செய்து வைத்ததும் அதுதான், அவர்களுக்குத் தூக்கிக்கொண்டு போக வீட்டில் நாற்பது பேர் இருந்தார்கள்.

என் யோசனை இது. வீட்டைத் தூக்க வேண்டாம். வாசலில் ஒன்பது அங்குலத்துக்கு ஒரு மேடு கட்டி, தெருப்பக்கமும் உள்பக்கமும் ஒன்பது ஒன்பது அடிச் சரிவு விடலாம், சாதாரண மழைத் தண்ணீரை அது தடுக்கும், உள்ளே விழுகிற மழைக்கு ஒரு குழியும் பம்பும். படுக்கை கீழேயே இருக்கட்டும். மாடியில் ஓர் அறையைக் கட்டில், கழிப்பறைக் கைப்பிடி, மருந்து எல்லாம் வைத்துத் தயாராக விட்டு, மாடிப்படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி போட்டுவிடு. புயல் எச்சரிக்கை வந்தால் முதல் நாள் பகலிலேயே, நிதானமாக ஒவ்வொரு படியாக ஏறிவிட வேண்டும். ராத்திரி தண்ணீர் வந்த பிறகு இருட்டில் ஏறுவதுதான் ஆபத்து. இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் மாடிப்படி வளைவுக்கு ஏற்றிவிடு. குளியலறை லைனுக்கு, மின்சாரம் கசிந்தால் உடனே கரண்டை நிறுத்துகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேள்.

கான்கிரீட்டுக்கு ஒரு வார்த்தை. கடலோரத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூட வேண்டும், எம்-30 கலவை. அங்கே கிணற்றில் உப்பு ஏறியிருந்தால் அந்தத் தண்ணீரில் கலக்க விடாதே. உள்ளே துரு பிடித்தால் கம்பி ஊதிக் கான்கிரீட்டையே பிளக்கும். சரிவின் மேல் தளத்தைத் துடைப்பத்தால் வரி இழுத்து விடச் சொல். கடற்கரை மணல் பறந்து வந்து படியும் இடம், தினமும் பெருக்காவிட்டால் காய்ந்த தரையிலும் வழுக்கும்.

சிங்கப்பூரில் வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு 2012 முதல் அரசாங்க மானியத்தில் கைப்பிடியும் வழுக்காத தரையும் போட்டுத் தருகிறார்கள் என்று நீதான் சொன்னாய். இங்கே நம் கைக்காசுதான். அதனால் சம்பந்தி செலவைக் காட்டி மறுப்பார். "எனக்கு என்ன அப்படி வயசாகிவிட்டது" என்றும் சொல்வார், இந்த வார்த்தையை நான் நிறையக் கேட்டிருக்கிறேன், என் வாயாலும்தான். அவருக்காக என்று பேச்சை எடுக்காதே. உன் மாமியாருக்கு முழங்கால் என்று சொல், உடனே கொத்தனாரைக் கூப்பிடுவார். ஆனால் அதற்கு முன்னால் உன் மாமியாரைத் தனியாகக் கேட்டுவிடு, வீடு ஆஸ்பத்திரியாகிவிடுமோ என்ற பயம் அவருக்குத்தான் அதிகம் இருக்கும். பூஜை அறைப் படியைத் தொட மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிடு.

வாசலின் அகலம், குளியலறைக் கதவின் அகலம், மாடிப்படி ஒவ்வொன்றின் உயரம், இந்த மூன்று அளவையும் யாரையாவது விட்டு எடுத்து அனுப்பு. கதவு இடைவெளி மூன்றடி இல்லாவிட்டால் நிலையை மாற்ற வேண்டிவரும், அங்கே பங்காளிகள் இல்லை, பயப்படாதே. ஐப்பசிக்குள் கான்கிரீட் வேலை முடிந்திருக்க வேண்டும். ஆவணியில் ஒரு வாரம் நான் போய் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சம்பந்தியிடம் சொல். மேற்பார்வைக்கு வருகிறேன் என்று சொல்லாதே, சும்மா பார்க்க வருகிறேன் என்றே இருக்கட்டும்.

உன் ஆத்தா சீப்புச்சீடையும் மணகோலமும் செய்து வைத்திருக்கிறாள். அடுத்த வாரம் கீழவீட்டுத் தம்பி அங்கே வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறோம். போன தடவை அனுப்பிய டப்பா இரண்டும் இன்னும் திரும்பி வரவில்லையாம், அவனிடமே கொடுத்துவிடு.

அன்புள்ள,
அப்பச்சி